மரத்தின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'ஆல்பகோர்' வகை நீராவிப் பீரங்கிப் படகுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ரஷ்யாவுடன் நடந்த கிரிமியப் போருக்காக 1855-56இல் பிரிட்டன் அவசர அவசரமாகக் கட்டிய 98 படகுகள். நீளம் 106 அடி, அகலம் 22 அடி. ஆறரை அடி ஆழமே போதும் என்பதால் பால்டிக் கரையை ஒட்டிப் போய்ச் சுட முடியும். எல்லாம் சரி. ஆனால் மரத்தில் கட்டியதால்தான் அவை சில ஆண்டுகளிலேயே மக்கிப்போயின என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கூடலூரில் மர ஆசாரி. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் கேரளத்து நிலம்பூர். அங்கிருந்து வந்த தேக்கில்தான் என் கை பழகியது. பச்சை மரத்தை இழைத்தால் சுருள் வராது. நார் நாராகப் பிய்ந்து இழைப்புளியின் வாயை அடைக்கும். துளை போட்டால் விரலில் ஈரம் ஒட்டும். அதில் செய்த சட்டம் அன்றைக்கு இறுக்கமாக நிற்கும். காய்ந்து சுருங்கியதும் பொருத்து வாய் பிளந்துவிடும். பட்டையை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியைச் செதுக்கித் தள்ளாமல் விட்டால் பூச்சியும் பூசணமும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

அந்தப் படகுகளில் நடந்ததும் இதுதான். ஆறப்போட்டுக் காயவிடாத மரத்தில் கட்டினார்கள். பெரும்பாலானவை தனியார் தளங்களில் ஒப்பந்தத்துக்குக் கட்டியவை. 1856 மார்ச்சில் போர் முடிந்ததும் பலவற்றை இங்கிலாந்தின் ஹாஸ்லரில் கரையேற்றிக் கொட்டகைக்குள் வைத்தார்கள். பிரித்துப் பார்த்தால், வைரம் பாய்ந்த மரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை! மரத்தை ஊடுருவி மறுபக்கம் மடக்கி அடிக்க வேண்டிய செப்பு ஆணிகளுக்குப் பதிலாகப் பல இடங்களில் ஆணியின் வெறும் துண்டு முனைகள். படகில் ஏறுகிறவன் உயிரை நம்பி நிற்பது அந்த ஆணியைத்தான். இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ!

இயந்திரங்களையும் அவசரமாகத்தான் செய்தார்கள். ஜான் பென் என்ற இயந்திரப் பொறியாளர் ஒரே அச்சில் பாகங்களைச் செய்யச் சொல்லிப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து வேலையை முடித்தார். அந்தப் போர்க்காலப் படகுகளின் இயந்திரங்கள் சிலவற்றைக் கழற்றிப் பின்னாளில் 'பீக்கன்' வகைப் போர்க்கப்பல்களில் பொருத்தியிருக்கிறார்கள். இரும்பு வேலையைப் பத்துப் பேருக்குப் பங்கு போடலாம். மரம் காய்வதை யாருக்குப் பங்கு போடுவது?

மலபார் தேக்கில் பம்பாயில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய 'டிரிங்கமாலி' என்ற பாய்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. அதுவும் மரம்தானே?

ஆகவே கட்டுரையின் அந்த வரியைத் திருத்தி, ஒப்பந்தக்காரர்கள் செய்த ஆணி மோசடியையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். இப்போது கதவு, ஜன்னலுக்கு மரம் வாங்குகிறவர்களுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
மர ஆசாரி ஒருவர்,
கூடலூர், நீலகிரி.