ஜீப் கொதித்தால் மலையைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் பழைய ஜீப்புகள் பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு நடுவழியில் நிற்கின்றன, பின்னால் வரும் பஸ் நகர முடியவில்லை, இந்த வண்டிகளை மேலே விடவே கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய எரிச்சல் நியாயம்தான், எதிரே ஒரு பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டிய பாதை அது. ஆனால் வண்டி பழசு, அதனால் கொதிக்கிறது என்று அவர் சொல்வதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நானும் அதே பாதையில் ஆவி பறக்க நின்றவன், காரணம் தேடி ஆறு மாதம் பட்டறை பட்டறையாக அலைந்தவன்.

என் டீசல் ஜீப் திசையன்விளைப் பக்கம் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அங்கே ஒரு நாளும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியதில்லை என்றார் விற்றவர், அவர் பொய் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்து முதல் தடவை மலை ஏற்றியபோது அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஒரு பட்டறையில் வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள். இன்னொன்றில், நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றித் தூரப் போட்டார்கள். அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகக் கொதித்தது! பல என்ஜின்களில் அந்த வால்வு, தண்ணீர் சூடானதும் அதை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பதோடு, ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கவும் செய்கிறது. வால்வு போனால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கடைசியில் ரேடியேட்டர் பற்றவைக்கிற ஒரு பெரியவர் மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார். குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. வருஷக்கணக்காக போர் தண்ணீரை ஊற்றியதன் பலன், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியுமே அதே உப்புதான். "தண்ணி போக வழி இருந்தாத்தானவே சூடு வெளிய போகும்" என்றார். சமதரையில் நாற்பது ஐம்பது வேகத்தில் போகும்போது எதிர்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும், மிச்சமிருக்கும் குழாய்களை வைத்து வண்டி சமாளித்துக்கொள்ளும். மலையில் வேகம் பதினைந்து, என்ஜினுக்கோ முழுப் பாரம், காற்று என்று வருவது ஃபேன் இழுப்பது மட்டும்தான். கீழே பண்ணிய கோளாறு அங்கேதான் தெரியவரும்.

அந்த ஃபேனைச் சுற்றி ஒரு கூடு இருக்க வேண்டும். பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாத வண்டிகள் எத்தனையோ. கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் இருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். முன்பக்கம் நாலு பெரிய விளக்கு, ஏர் ஹாரன், பேர் எழுதிய போர்டு என்று மாட்டி காற்று வரும் வழியை மறைப்பவர்களும் உண்டு. எலுமிச்சம்பழம் கட்டிக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் குறையாது.

ரேடியேட்டர் மூடியை யாரும் கண்டுகொள்வதில்லை. 1000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடியின் ஸ்பிரிங் அழுத்திப் பிடிப்பதால்தான் ரேடியேட்டருக்குள் அது 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் வெடித்த மூடி என்றால் அந்த வசதி போச்சு. கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்தால் கொதிநிலை இன்னும் கொஞ்சம் ஏறும், துருவும் பிடிக்காது.

ஓட்டுகிற விதமும் இருக்கிறது. என்ஜின் கத்தினால் சூடாகும் என்று பயந்து மூன்றாவது கியரிலேயே முக்கி முக்கி ஏற்றுவார்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் என்ஜின் சுற்றும் வேகத்துக்குத்தான் சுற்றும், அது மெதுவாகத் திணறினால் அவையும் மெதுவாகும், பாரம் மட்டும் குறையாது. கீழ்க் கியருக்கு இறக்குங்கள், பாதை மோசமானால் நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் வீல் லோ போடுங்கள், சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள், வேர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, தண்ணீர் வெளியே கொட்டவில்லை என்றால் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், ஃபேன் சுற்றட்டும். தண்ணீர் கொட்டினாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், சென்சாரைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, என் முழங்கைத் தழும்பு அப்படி வந்ததுதான். அரை மணி நேரமாவது பொறுத்து, துணியைப் போட்டு மெல்லத் திருகி, என்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத்தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் என்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்டுவிடும், செலவு பல ஆயிரம். ஊற்ற ஊற்ற குமிழி விட்டுக்கொண்டே இருந்தாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அந்த வண்டியை மேலே கொண்டுபோகாமல் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவருவதுதான் நல்லது.

ஒரு கோரிக்கை. மணிமுத்தாறிலும் பாபநாசத்திலும் மலையடிவாரக் கடைகளில் முறுக்கும் கூல்டிரிங்ஸும் தாராளமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் நாலு கேன் டிஸ்டில்டு வாட்டரும் இரண்டு டப்பா கூலன்ட்டும் வைத்தால் நன்றாக விற்கும், ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆள் நிறைத்துக்கொண்டு போகும் வேன்காரர்களே வாங்கித் தீர்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜீப்காரர்,
அம்பாசமுத்திரம்