அது கரிசலாங்கண்ணி இல்லை, லலிதா

அன்புள்ள லலிதா,

இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மூட்டுதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பெரியவளுக்கு ஐப்பசியில் பிரசவம். மற்ற கதையெல்லாம் போனில். இந்த ஒரு விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வாசலிலேயே மஞ்சள் கரிசலாங்கண்ணி, தினமும் வெறும் வயிற்றில் நாலு இலை, வள்ளலாரே சொன்னதாக்கும் என்று பெருமை வேறு. அடியே, முதலில் மெல்லுவதை நிறுத்து. நர்சரிக்காரன் உன் தலையில் கட்டியது வெடிலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள், சிங்கப்பூர் அதற்குச் சொந்த ஊர் இல்லை என்றாலும். மெக்சிகோ, கரீபியன் தீவுகள் பக்கத்துக் கொடி. தரையைப் பச்சையாக மூடுகிறது, மஞ்சளாகப் பூக்கிறது என்று உலகம் முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள். இப்போது உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் ஓர் இடம். விஷமா என்று கேட்காதே. பெயர் தெரியாத செடியைக் காலங்காத்தால தின்பானேன்?

உன்னையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இந்த வந்தேறியும் பங்காளிகள்தான். நாம் படிக்கும்போது இரண்டுமே வெடிலியா பேரினம், 1996இல் ப்ரஸ்கி என்ற தாவரவியலாளர் இரண்டையும் ஸ்பாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். நம்முடையது கலெண்டுலேசியா, வந்தேறி ட்ரைலோபேட்டா. இரண்டும் ஈரக் கரையில் படரும், கணுவுக்குக் கணு வேர்விடும், மஞ்சளாகப் பூக்கும். வெள்ளைப்பூக் கரிசலாங்கண்ணியோ எக்லிப்டா, வேறு பேரினம். பூ வெள்ளை என்பதால் அதை இவற்றிலிருந்து பிரித்துவிடலாம்.

பேங்க்கில் கள்ளக் கையெழுத்தை ஒரே பார்வையில் பிடித்தவள் நீ. இங்கே பூவைப் பார்த்தால் ஏமாந்துபோவாய், இலையைப் பார். நம்முடைய இலை ஒடுங்கி நீண்டிருக்கும். விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடும், அங்கங்கே ஒன்றிரண்டு மங்கலான பல் இருந்தால் உண்டு. இரண்டு பக்கமும் விரலால் தடவு, சொரசொரக்கும். வந்தேறியின் இலை அகலம், தடிப்பு, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. பக்கத்துக்கு ஒரு மடல் பிரிந்து மூன்று முனையாக நிற்கும். எல்லா இலையிலும் மடல் இருக்காது, அதனால் ஒரே ஓர் இலையைப் பறித்துவைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதே. கொடி முழுக்கப் பார். பூவும் வந்தேறியில் சற்றுப் பெரிது, கொஞ்சம் ஆரஞ்சு ஓடும். ஓர இதழ்களை மட்டும் எண்ணாதே, இரண்டிலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். (இதழ் என்று எழுதியதை நம்ம தாவரவியல் லென்ஸ் சார் பார்த்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஒவ்வொன்றும் தனிப் பூ, தெரியும்!)

இதற்கா இவ்வளவு பெரிய கடிதம் என்பாய். உன் தொட்டி மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நம்ம பெரிய வாய்க்கால் கரையை வந்து பார். மதகிலிருந்து மூங்கில் பாலம் வரைக்கும் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். அத்தனையும் வந்தேறி. அம்மாச்சி காமாலைக்குப் பறித்த பொற்றலைக்கையான், அதாவது நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி, வயல் வரப்போரம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. தூர் வாரப் பொக்லைன் இறங்கும்போது கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு அள்ளிக் கரையில் போடுகிறது. இந்தச் சனியனுக்கு விதைகூட வேண்டாம், ஒரு கணு போதும். தண்ணீர் திறந்தால் மிச்சத் துண்டுகள் மிதந்து அடுத்த ஊருக்கும் போய்ச் சேர்கின்றன.

அதைவிட ஒரு பயம் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் கலந்துவிடும். தென்சீனாவில் அப்படி ஒரு கலப்புச் செடி உருவாகியிருப்பதை 2013இல் மரபணு பார்த்தே உறுதிசெய்து எழுதினார்கள். இங்கே அப்படி ஆனால் எந்த இலையைத் தடவி எதைச் சொல்வது? 1956இல் நம்ம மாநிலக் கல்லூரி கோவிந்தாச்சாரி குழு வெடிலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னது இந்த நாட்டுச் செடியை வைத்துத்தான். அதே செடியை நர்சரியில் கேட்டால் பங்காளியை எடுத்து நீட்டுகிறான், நீயும் காசு கொடுத்து வாங்கி வருகிறாய்.

தொட்டியைக் காலி செய். பிடுங்கினதை வாசல் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ வீசிவிடாதே, தாம்பரம் முழுக்கப் பரப்பின புண்ணியம் உனக்கு வேண்டாம். மொட்டை மாடியில் போட்டுச் சருகாகக் காயவிட்டு அப்புறம் தூக்கிப் போடு. நல்ல கொடி உனக்கு நான் தருகிறேன். வரப்பிலிருந்து ரெண்டு கணு எடுத்துச் சட்டியில் வைத்திருக்கிறேன், துளிர் விட்டிருக்கிறது. பிரசவம் பார்க்க வரும்போது எடுத்துப் போ. அண்ணனையும் கூட்டி வா, ஆனால் சீட்டுக்கட்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. சந்தானத்தைப் பார்த்தால் அந்த எழுநூறு ரூபாயைக் கேள்.

அன்புடன்,
மங்கை