தண்ணீர் எங்கே போகும் என்று கேள்

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

அப்புறம், உங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வருகிறது, கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதே. கடைசியில் தண்ணீர் எங்கே போய் விழும் என்று கேள். தூத்துக்குடியும் கடலோரம்தானே.

எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலத்தில் குப்பைமேடும் கட்டடங்களும் விழுங்கியது போக மிச்சமிருந்ததற்குத்தான் 2022-இல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஓதம் ஏறி, கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அப்போது தெருவில் எவ்வளவு அகல வடிகால் இருந்து என்ன? 2023-இல் மிக்ஜாம் புயல் கடந்த பிறகும் பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

போன புரட்டாசியில் எங்கள் தெரு வடிகாலின் மூடியைத் தூக்கியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே பால் கவர்கள். அடியில், கட்டட வேலையில் கழுவிவிட்ட சிமென்ட் பால் இறுகிப் பாறையாகிக் கிடந்தது. கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். பக்கச் சுவரைத் துளைத்து யாரோ கழிவுநீர்க் குழாயை வேறு விட்டிருந்தார்கள். கட்டுவதற்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி என்று கடன் வாங்கிவிடலாம். வருஷா வருஷம் தூர்வார யார் பணம் தருவது? வேலை தொடங்கும் முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடு.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒருநாள் வடிகால் நிரம்பி வழியத்தான் செய்யும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 2023-இல் 95 செ.மீ. அதைத் தாங்கும் வடிகாலை யாராலும் கட்ட முடியாது. ஏரி கட்டியவர்கள் உபரி நீர் வழிந்து போகக் கலங்கல் வைத்தார்கள், ஏரி நிரம்பும் என்று தெரிந்தே. நகரத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும்: மிஞ்சிய தண்ணீர் ஒதுங்கப் பக்கத்துக் குளம், தாழ்வான மைதானம், பூங்கா எது என்று முன்கூட்டியே குறித்து, அந்த இடத்தில் பட்டா கொடுக்காமல் காக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போடவும் விடாதே. வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடும்.

வரைபடம் கிடைத்தால் ஒரு நகல் அனுப்பு. மட்ட அளவுகளை நானும் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு