அப்பாவின் தாடை

காசிமேடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம்.

போன மாதம் வந்திருந்தபோது, "அப்பா ஏன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்?" என்று கேட்டாய். பல் சொத்தை என்று மழுப்பிவிட்டேன். நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறியதிலிருந்து அந்தப் பொய் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2020 ஜூன் 19 முதல் கொரோனாவுக்காகச் சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்களே, அந்த வாரம். விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அப்பா பாசியில் வழுக்கி, அடிபம்பு மேடையில் முகவாய் மோத விழுந்தார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்றார். ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் ராயபுரம் மண்டலம் என்றாலே, கொரோனா அதிகம் என்று ஊர் பயந்த நேரம் அது. பரிசோதனை முடிவு இல்லாமல் வாயைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம் என்றார்கள். வெயிலில் துண்டால் தாடையைத் தாங்கிக்கொண்டு நின்றாரே, அது எனக்கு இன்றும் ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில்தான் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயும் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையின் முடிவு வர இரண்டு நாள் ஆனது.

தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தலை முதல் கால் வரை மூடிய உடையில் வந்த டாக்டரம்மாவின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பொறுமையாகச் சொன்னார்: "வேறு காலமாக இருந்தால் திறந்து, டைட்டானியம் தகடு வைத்துத் திருகிவிடுவோம். ஆனால் இந்தக் கிருமி மூக்கிலும் தொண்டையிலும்தான் அதிகம் இருக்கும். எலும்பில் துளை போடும் கருவி சுழலும்போது எச்சிலும் ரத்தமும் புகைபோலக் காற்றில் பறக்கும். தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்கிறோம். பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிவிடுகிறேன், எலும்பு தானாகச் சேரும்." வண்டியில் விழுந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வீட்டுக்குள் விழுந்தவர்களும் அடிபட்டவர்களும்தான் வருகிறார்கள் என்றும் சொன்னார்.

ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை. கேழ்வரகுக் கூழை வேட்டித் துணியில் வடிகட்டி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் குழாய் வைத்து உறிஞ்சுவார். கால் டம்ளர் இறங்க அரைமணி நேரம் ஆகும். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஒரு குறடைத் தலைமாட்டில் ஆணியில் மாட்டியிருந்தேன். கொடிக்கம்பி கட்ட நீ எடுத்தாயே, அதுதான். இரவெல்லாம் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

அடிக்கடி வரவேண்டாம் என்று டாக்டரம்மா போனிலேயே பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் அப்பாவின் உதட்டை விலக்கிப் பிடித்து, பல்வரிசையைப் படமெடுத்து அனுப்புவாள். கம்பி எடுத்த அன்று ஒரு விரல்கூட வாய்க்குள் நுழையவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, சில நாளுக்கொரு குச்சி கூட்டினோம். பதினைந்து குச்சி நுழைந்த அன்று நெத்திலிக் குழம்பு வைத்தேன். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுதார்.

நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்பாரே, நினைவிருக்கிறதா? விமானமே ஓடாத நேரத்தில் அங்கே தனியாகக் கிடந்து நீ என்ன செய்வாய் என்றுதான் மறைத்தோம். மறைத்தது தப்பு, ராஜா.

வலதுபக்கம் கடி இன்னும் சரியாகச் சேரவில்லை. மறுபடி அறுத்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள், அப்பா வேண்டாம் என்கிறார். கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை. அந்த டாக்டரம்மா பயந்து கைவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த உடைக்குள் வியர்வை சொட்டச் சொட்ட நின்று ஒவ்வொரு கம்பியாக முறுக்கியதை அப்பா இன்றும் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது முதலில் என்னிடம் பேசு. கோபம் இருந்தால் என்னிடமே காட்டிவிடு. பிறகு அப்பாவிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா