பதினான்காம் அத்தியாயத்துக் கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதையைப் படித்து முடித்துவிட்டேன். முதல் தடவை கதைக்காக, இரண்டாவது தடவை பென்சிலோடு. அப்பா தன் கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார், 212 பக்கம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஐந்து வாரமாக அந்த அப்புறம் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். ஆனால் கதையோடு வந்த மெயிலில் மணி விடிகாலை 3:40 என்று இருந்தது. அந்த நேரத்தில் என்ன எழுத்து? பகலில் எழுது.

கதை நன்றாக இருக்கிறது. பெற்ற பாசத்தில் சொல்லவில்லை. நைட் ட்யூட்டியில் மர்ம நாவல் படித்தே 31 வருடம் ஓட்டியவள் நான். வழக்கமாக நாற்பதாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவேன். உன்னிடம் 170 வரை ஏமாந்தேன். ஒரு வாக்கியம்கூட அழுது வடியவில்லை. அண்ணனைத் தம்பியாக்கிவிட்டாய், அப்பாவைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டாய், என்னைக் கணக்கு டீச்சராக்கிவிட்டாய். சரி, அது உன் உரிமை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நர்ஸ் ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, மருந்து விஷயத்தை எங்கெங்கோ தேடித் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறாய்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கம் சரித்திரம் பேசுகிறார். 1898-ல் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது, மார்ஃபினைப் போலப் பழக்கமாகாது என்று அப்போது நம்பினார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு ஹாலில் நின்றுகொண்டு எந்தப் போலீஸ்காரரும் இதைப் பேசமாட்டார். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நிற்பார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பார். அப்புறம் அதையே இன்னொரு விதமாகக் கேட்பார். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடு.

அதே இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கடியில் கிடைத்த பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். கோர்ட்டில் அது நிற்காது. எங்கள் வார்டில் வயிறு கழுவின தண்ணீரைக்கூடப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, நேரம் போட்டு, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்போம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசையில் ஓர் ஆள் விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

வில்லன் விஷயம். அவனுக்குக் கன்னத்தில் தழும்பு எதற்கு? விற்கிறவன் முக்கால்வாசி இடத்தில் கூட இருக்கும் பையன்தான். தானும் எடுத்துக்கொள்வான், தன் செலவுக்கு நாலு பேருக்கு விற்பான். நம் வீட்டுக்கு வந்தவனுக்குத் தழும்பு கிடையாது. நல்ல பையன் என்று நானே சொல்லியிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வில்லன் ஃபென்டனில் என்ற வலி மருந்தைக் கரண்டியால் அள்ளிச் சரக்கில் கலக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அது மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம். பழக்கமில்லாத உடம்பில் 2 மில்லிகிராம்கூட மூச்சை நிறுத்திவிடும், உப்புத் தூள் சிலது அவ்வளவுதான். கரண்டி என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாம் அத்தியாயத்துத் தப்பு கொஞ்சம் பெரியது. மாடியில் மயங்கிக் கிடக்கும் பையனுக்கு நண்பர்கள் மூக்கில் போதையை முறிக்கும் நலாக்சோன் மருந்தை அடிக்கிறார்கள், அவன் எழுந்து உட்கார்கிறான், எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள், அத்தியாயம் முடிகிறது. அங்கே முடியாது, பாப்பா. நலாக்சோன் 30-லிருந்து 90 நிமிடம்தான் தாங்கும். உள்ளே போன சரக்கு அதைவிட நேரம் நின்றால், மருந்து இறங்கினதும் பழையபடி மூச்சு குறைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒரு தடவை எழுந்துவிட்டால் போதும் என்று விடாமல் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்போம். இது உனக்கு லாபம்தானே? எழுந்தவன் சிரித்துப் பேசிக்கொண்டே தனியாக வீட்டுக்கு நடக்கட்டும். மணி என்ன என்று மட்டும் அங்கங்கே சொல்லிக்கொண்டே போ.

ஒன்பதாம் அத்தியாயத்தில் திருத்த ஒன்றுமில்லை. அக்கா தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறாள், காலையில் பல் தேய்த்த பிறகும் வெறும் தண்ணீர் உலோகம் போலக் கசக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாத்திரையின் பெயரை நீ போடவில்லை. எனக்குத் தெரியும், சோபிக்ளோன். போட்டுக்கொண்டவர்கள் பலரும் அந்தக் கசப்பைத்தான் சொல்வார்கள், மறுநாளும் நாக்கில் நிற்கும் என்பார்கள். மற்ற மருந்தில் எல்லாம் இவ்வளவு தப்பு விட்டவள், இது ஒன்றை மட்டும் எப்படி இத்தனை சரியாக எழுதினாய் என்று பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்காவது படித்திருப்பாய். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், கதைக்கு உதவும். அந்த மாத்திரையை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பது வழக்கமில்லை. அதற்குமேல் போனால் அது இல்லாமல் தூக்கம் வராது. மதுவோடு சேரவே கூடாது. ரொம்ப நாள் போட்டவள் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லி மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். உன் கதையில் வரும் அக்கா டாக்டரைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. பார்க்கச் சொல். இரவில் எழுதாதே. எழுதினால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மாத்திரை வரும்.

அமைப்பைப் பற்றியும் ஒன்று. அக்காதான் கதையைச் சொல்கிறாள். அவளுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்த ஒன்றைக் கடைசிவரை நம்மிடம் மறைக்கிறாள். இது ஆட்டத்தில் ஏமாற்றுவது. கண்டுபிடிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறவளுக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிடவேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பது வேறு விஷயம்.

கடைசியில் சரக்கில் யாரோ விஷம் கலந்தார்கள் என்று முடிக்கிறாய். வேண்டியதே இல்லை. உன் அண்ணன் மூன்று மாதம் போதை மறுவாழ்வு சென்டரில் இருந்துவிட்டு வந்து ஒன்பதாவது நாள் அது. மூன்று மாதம் விட்ட உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். முன்பு சாதாரணமாகப் போன அளவே அப்போது உயிரை எடுக்கும். திருந்தி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்து. யாரும் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. அவனும் சாக நினைக்கவில்லை. பழைய கணக்கில் எடுத்திருக்கிறான். இதை அப்போதே உன்னிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கவேண்டும். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உனக்குப் பத்தொன்பது வயது.

இப்போது பதினான்காம் அத்தியாயம்.

அக்கா சண்டை போட்டுவிட்டு, "நீ இங்க திரும்பி வந்தே இருக்கக் கூடாது" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்துகிறாள். கதவு சாத்தியிருந்ததால் உள்ளே அவன் திணறிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதிலிருந்து 212-ம் பக்கம் வரை அவள் அந்தக் கதவையே தூக்கிக்கொண்டு திரிகிறாள். கணக்கு டீச்சரான அம்மா மட்டும் பாவம், ஒன்றும் அறியாதவள், தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நீ கெட்டதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு எதிலும் கை ஓடவில்லை.

நீ கதவை அறைந்தது உண்மை. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் அந்தக் கதவு அறைந்தால் சாத்தாது, பாப்பா. மேல் கீல் தளர்ந்து இறங்கியிருந்தது. வேகமாகத் தள்ளினால் நிலையில் மோதித் திரும்பி வந்து ஒரு சாண் திறந்தபடி நிற்கும். கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, மெதுவாக அழுத்தினால்தான் விழும். கோபமாக வெளியே போகிறவர்கள் அப்படிச் சாத்தமாட்டார்கள்.

காலையில் அப்பா போனபோது கதவு சாத்தியிருந்தது. அறைந்த கதவு எப்படித் தாழ் விழுந்து கிடந்தது என்று உன் கதையில் இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அன்றைக்கு வந்தவரும் கேட்கவில்லை. "நான்தான் சாத்திட்டு வந்தேன்" என்று நீ அவரிடம் சொன்னபோது உன் பக்கத்தில்தான் நின்றேன்.

நான்தான் சாத்தினேன்.

இரண்டு, இரண்டே கால் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவன் அறையில் குறட்டை கேட்டது. வந்த ஒன்பது நாளும் அவன் கண்ணை மூடவில்லை, விடிய விடிய நடப்பான், உனக்கும் தெரியும். அதனால் அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தான். போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்தினேன். ஹால் லைட் முகத்தில் படுகிறதே, எழுந்துவிடப் போகிறானே என்று கதவைத் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினேன். "பிள்ளை தூங்கிட்டான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தூக்கத்திலேயே உம் என்றார்.

அது தூக்கத்துக் குறட்டை இல்லை. நாக்கு பின்னால் விழுந்து பாதி அடைத்த தொண்டையில் மூச்சு இழுபடும் சத்தம், நடுவில் நீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். இப்படிப் போனவர்கள் வீட்டில், நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான் என்றுதான் சொல்வார்கள். வார்டில் அதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு நிமிடம் நின்று மூச்சை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். 12 இருந்திருக்காது. லைட்டைப் போட்டுக் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தால் தொண்டையாவது திறந்திருக்கும். எத்தனை ஆயிரம் பேரை ஒருக்களித்துப் படுக்கவைத்த கை இது. அன்றைக்கு நான் நர்ஸாக எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதமே தச்சரை வரவழைத்துக் கீலை மாற்றினேன். கதவு தட்டுகிறது, தொந்தரவாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். நீ அடுத்த தடவை வந்தபோது அது வெண்ணெய் மாதிரிச் சாத்தியது. அதனால்தான் பழைய கதவு உனக்கு மறந்துபோனது. உன் வில்லன்கூடத் தடயத்தை இவ்வளவு சுத்தமாக அழிக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீயாக அந்த இரவைப் பற்றிப் பேசியதே இல்லை, அதனால் நீயும் மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பதினொரு வருடம் கழித்து 212 பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாய்.

பதினான்காம் அத்தியாயத்தை மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். மாற்றினால் கணக்கு டீச்சர் வேண்டாம், நர்ஸ் என்றே எழுது. கதவைத் தூக்கிப் பிடித்ததையும் எழுது.

மாத்திரை எத்தனை நாளாகப் போடுகிறாய், எத்தனை மில்லிகிராம், இந்த இரண்டையும் எனக்குச் சொல். திட்டமாட்டேன். ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடு. 3:40 ஆனாலும் சரி, நானும் அப்போது விழித்துத்தான் இருப்பேன்.

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வர இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை படிக்க முடியாது. அதனால் உன் கதையைத் தினமும் ஓர் அத்தியாயம் நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். நேற்றோடு பதின்மூன்று முடிந்தது. சாயங்காலத்திலிருந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டபடி. இன்றைக்குப் பதினான்கைப் படித்துவிட்டு, இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு உறையில் போடுகிறேன்.

அம்மா