நியூத்திரினோ பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கரு இலத்திரனை உமிழும் பீற்றாச் சிதைவில் காணாமற்போன சக்திக்குக் கணக்குச் சொல்ல, எவரும் கண்டிராத ஒரு துணிக்கையை 1930இல் பௌதிகவியலாளர் பௌலி முன்மொழிந்தார். அது அகப்பட்டது 1956இல்தான். அநேகமாக எதனோடும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிப் போகும் நியூத்திரினோ அது. ஜப்பானில் மலைக்கடியில் 50,000 தொன் நீரைத் தேக்கி, அதில் ஒரு நியூத்திரினோ மோதும்போது எப்போதாவது மின்னும் மங்கலான ஒளிக்காகக் காத்திருக்கிறார்கள். என்ன பொறுமை! அண்டை நாடான இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கத்திலும் 1965இல் நியூத்திரினோக்கள் பதிவாகின.

களுவாஞ்சிக்குடியில் என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள், கடந்தகால வினாத்தாள்களோடு மல்லுக்கட்டிக் களைத்த நேரத்திலும் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "சேர், அப்படியானால் இப்போதும் நம்மைத் துளைக்கிறதா?" என்கிறார்கள். தமிழில் வாசிக்கக் கொடுக்கத்தான் போதிய கட்டுரைகள் இல்லை. தங்கள் ஞாயிறு இதழில் அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

பௌதிகவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி