ஓகஸ்ட் 10-ஐயும் சொல்லிக்கொடுங்கள்: திருகோணமலை வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

சீனக்குடா எண்ணெய்க் குதத்தடியில் பிள்ளைகளை பஸ்ஸால் இறக்கிவிட்டு நீங்கள் சொல்லும் கதையை நான் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். ஒன்று நான் படிக்கும்போது. மற்ற இரண்டும் என் பிள்ளைகளோடு துணைக்குப் போனபோது. 1942 ஏப்ரல் 9. காலையில் யப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. ஒரு விமானம் குதத்தில் மோத, அது ஏழு நாள் எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. உருகிச் சுருண்டு கிடக்கும் அந்த இரும்பைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

நல்ல கதைதான். ஆனால் அது அங்கேயே நின்றுவிடுகிறது. குண்டு எங்கள் தலையில் விழுந்ததோடு இரண்டாம் உலக யுத்தம் முடிந்துபோனது போல. அதற்கு இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து, அதே சீனக்குடாவிலிருந்து ஏறிப்போய் இன்னொரு ஊரின் எண்ணெய்யில் குண்டு போட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்வதில்லை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1944 ஓகஸ்ட் 10, பின்னேரம். அமெரிக்காவின் 54 பீ-29 குண்டுவீச்சு விமானங்கள் சீனக்குடா ஓடுபாதையிலிருந்து கிளம்பின. அந்த யுத்தத்தில் சண்டைக்குப் போன குண்டுவீச்சு விமானங்களில் ஆகப் பெரியது அது. ஒரு சிறகு நுனியிலிருந்து மற்ற நுனிக்கு 141 அடி. அவற்றின் நிலையான தளங்கள் வங்காளத்தில், கரக்பூரைச் சுற்றி இருந்தன. அங்கிருந்து, போக வேண்டிய தென்சுமாத்திரா (இன்றைய இந்தோனேசியாவில்) எட்டாத தூரம். அதனால் இங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். இதற்காகவே சீனக்குடா ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டியிருந்தார்கள். நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'பூமராங்'. எங்கள் வளரிக்கு உறவுக்காரத் தடி. எறிந்த கைக்கே திரும்பி வரும் என்று நம்பி வைத்த பெயராக்கும்.

இலக்கு, சுமாத்திராவின் பலெம்பாங் நகரத்தில் பிளாஜு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். யப்பான் விமானங்களுக்கு வேண்டிய பெற்றோலில் பெரும்பங்கு அங்கேதான் வடிந்தது. பலெம்பாங் யாருக்கும் தெரியாத ஊர் என்று சொல்லாதீர்கள். இராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைப் படிப்பிக்கும்போது ஸ்ரீவிஜயம் என்று கரும்பலகையில் எழுதுகிறீர்களே, அதன் தலைநகர் இதே ஊர்தான். 1025-இல் கப்பலில் போன கதைக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குகிறோம். 1944-இல் எங்கள் வாசலில் இருந்தே விமானத்தில் போன கதைக்கு அஞ்சு நிமிடம் இல்லை.

போய்த் திரும்ப 3,855 மைல். ஏறக்குறைய 6,200 கிலோமீற்றர், கிட்டத்தட்ட 18 மணித்தியாலம். அந்த யுத்தத்தில் பீ-29 விமானங்கள் இடையில் எங்கும் இறங்காமல் போய்வந்த தாக்குதல்களில் இதுதான் ஆக நீண்டது. ஒவ்வொரு விமானத்திலும் 11 பேர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பொடியன்கள். முன்பக்க அறைக்கும் பின்பக்க அறைக்கும் நடுவில் குண்டு அறை. அதற்கு மேலாக ஒரு ஆள் தவழ்ந்து போகக்கூடிய குழாய் மட்டும். பின்னால் இருப்பவன் முன்னால் வர வேண்டுமென்றால் அந்தக் குழாய்க்குள் வயிற்றால் ஊர வேண்டும். வாலில் இருந்த துப்பாக்கிக்காரனுக்கு அதுவும் இல்லை. தன் சின்னக் கூண்டில் தனியாகக் குந்திக்கொண்டு, விட்டுவந்த கடலையே பார்த்துக்கொண்டு போனான்.

இதில் எனக்கு ஆகப் பிடித்த ஆள் விமானியும் இல்லை, குண்டு போடுகிறவனும் இல்லை. இயந்திரப் பொறியாளன். விமானிக்குப் பின்னால், போகிற திசைக்கு முதுகைக் காட்டியபடி, மானிகள் நிறைந்த பலகையின் முன் இருப்பவன். நாலு எஞ்சின்களும் எவ்வளவு சூடு, எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்பதுதான் அவன் உலகம். அந்த எஞ்சின்கள் சூட்டுக்குப் பேர்போனவை. நிலத்தில் நிற்கும்போதே கொதித்து, சிலவேளை தீயும் பிடிக்கும். கச்சான் காலத்துச் சீனக்குடா வெக்கையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெக்கையில் எரிபொருளால் வயிறு முட்டிய விமானத்தை ஓடுபாதை முடிவதற்குள் தூக்க வேண்டும். எரிபொருளுக்கே இடம் போனதால் குண்டுக்குக் கிடைத்தது ஒரு தொன் மட்டும். பக்கத்துத் தூரம் என்றால் அதே விமானம் அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு தூக்கும். கணித ரீச்சர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இது ஒன்றே அருமையான பாடம்: ஒரு தொன் குண்டை 6,200 கிலோமீற்றர் கொண்டுபோய்வர எத்தனை தொன் பெற்றோல்?

இரவில் தனித்தனியாகப் பறந்தார்கள். இந்துமாக் கடலைக் குறுக்கே கடந்து, சுமாத்திராவின் மேற்கில் உள்ள சிபெருத் தீவில் திரும்பி, பலெம்பாங்கை நோக்கி. விழுந்தால் எடுப்பதற்காகப் பிரித்தானியக் கடற்படை வழியெல்லாம் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் நிறுத்தியிருந்தது. அதில் ஒரு குறூஸரின் பெயர் 'சிலோன்'.

முடிவு என்ன? 54-இல் 39 தான் பலெம்பாங் பக்கம் போய்ச் சேர்ந்தன. முகில் மூடியிருந்தது, கீழே விளக்குகள் அணைந்திருந்தன. 31 விமானங்கள் பிளாஜுவில் குண்டு போட்டன, பாதி ரேடாரை நம்பி, பாதி கண்ணை நம்பி. பிறகு எடுத்த படங்களில் உறுதியாக அழிந்ததாகத் தெரிந்தது ஒரேயொரு கட்டடம். மற்ற 8 விமானங்கள் மூசி ஆற்றுக்கு மேல் ஆயிரம் அடிக்கும் கீழே தாழ்ந்து வந்து நீர்க்கண்ணிகளைப் போட்டன. எண்ணெய்க் கப்பல்கள் கடலுக்குப் போகும் பாதை அந்த ஆறு. உண்மையில் வேலை செய்தது இந்த எட்டும்தான். கண்ணிகளில் மோதிக் கப்பல்கள் மூழ்கின, ஆற்றுப்பாதை கொஞ்சக் காலம் மூடிக் கிடந்தது. அந்த ஆற்றில் வள்ளம் ஓட்டிப் பிழைத்த பலெம்பாங் சனம் அந்த நாட்களில் என்ன செய்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள். கொட்டியாரக் குடாவில் தோணி விடும் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், மறுமொழி உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும் வழியில் ஒரு விமானத்துக்கு எரிபொருள் தீர்ந்தது. சீனக்குடாவுக்கு இன்னும் 90 மைல். அந்த இடத்தில் என் இயந்திரப் பொறியாளனை நினைத்துப் பாருங்கள். மானியில் முள் கீழே கிடக்கிறது, ஊர் இன்னும் கண்ணில் படவில்லை. கடலில் இறக்கினார்கள். தேடுதல் நடந்து, தப்பியவர்களை 12-ஆம் திகதி எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் சூறைமீனுக்குப் போகும் கடல்தான் அது.

இன்னொன்று. அதே இரவு, இதே படைப்பிரிவின் வேறு சில பீ-29-கள் சீனாவிலிருந்து கிளம்பி ஒரு யப்பான் நகரத்தில் குண்டு போட்டன. அந்த நகரத்தின் பெயர் நாகசாகி. அதன் மேல் விழுந்த முதல் குண்டுகள் அவை. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 1945 ஓகஸ்ட் 9-இல் அங்கே என்ன விழுந்தது என்பதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது.

பீ-29-கள் தாக்குதலுக்காகச் சீனக்குடாவுக்குப் பிறகு வரவில்லை. இவ்வளவு பாட்டுக்கு இந்தப் பலன் போதாது என்று தளபதிகளே நினைத்தார்கள். பலெம்பாங்கைப் பிறகு உருப்படியாகச் சேதப்படுத்தியது 1945 ஜனவரியில், திருகோணமலையிலிருந்து போன பிரித்தானியக் கப்பல்களின் சின்ன விமானங்கள். அதில் பிடிபட்ட ஒன்பது பேரைச் சிங்கப்பூரில் வைத்துத் தலை வெட்டினார்கள்.

என் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறேன். 1942 என்றால் மூன்று மணித்தியாலம் சொல்லுவா. எந்தப் பானையை விட்டுட்டு ஓடினது, எந்த மாட்டை அவிழ்த்து விட்டது என்றெல்லாம். 1944? "பெரிய பிளேனுகள் கொஞ்சநாள் நிண்டது, பிறகு போயிட்டுது." அவ்வளவுதான். அவவில் குறை இல்லை. விழுந்த குண்டு மனதில் நிற்கும், போன குண்டு நிற்காது. ஆனால் பாடம் அம்மம்மாவின் ஞாபகம் மாதிரி இருக்கலாமா? வானத்தில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பழகிய தலைமுறை நாங்கள். மேலே இருந்தவன் யார், எங்கே சாப்பிட்டுவிட்டு ஏறினான், ஏன் வந்தான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த ஒரு கதையில் அவன் எங்கள் ஊரிலிருந்து ஏறினான். வீரக் கதையாகச் சொல்லச் சொல்லவில்லை. வெட்கக் கதையாகவும் வேண்டாம். பலெம்பாங்கில் இருந்தது யப்பான் பிடித்து வைத்திருந்த எண்ணெய். பிடித்தவன் நல்லவன் இல்லை. அதற்காகக் கீழே இருந்த சனம் இல்லாமல் போய்விடாது.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அடுத்த முறை குதத்தடியில் பஸ் நிற்கும்போது, எரிந்த இரும்பைக் காட்டிய பிறகு, பிள்ளைகளைத் தென்கிழக்குப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். பலெம்பாங் அந்தப் பக்கம். ஓகஸ்ட் 10 பெரும்பாலும் விடுமுறைக்குள் வந்துவிடும். அதனால் ஜூலைக் கடைசியில் வைத்தால் நல்லது. சீனக்குடா, சிபெருத், பலெம்பாங் மூன்றையும் குறித்த பெரிய வரைபடம் ஒன்று கீறி வைத்திருக்கிறேன். நாலு கடதாசி ஒட்டினது, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை இருக்கிறது. கேட்கும் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
சீனக்குடாவில் பிறந்த ஒருவன்